காபன் எடுத்த பிறகும் கறுக்கும் பிளக்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக் கரையோரத்தில் படகு வைத்திருப்பவர்களிடையே நெடுநாளாகப் புழங்கிவரும் ஒரு கருத்து எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்துவந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குக் காபன் எடுக்கக் கூடாது, அதாவது உள்ளே படிந்த கரியைக் கரைத்து நீக்கக் கூடாது, எடுத்தால் அது பழையபடி ஓடாது என்பதே அந்தக் கருத்து. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. எந்தத் துறையில் போய்க் கேட்டாலும் தன் எஞ்சினுக்கே அப்படி நடந்தது என்று சொல்ல ஒருவர் இருப்பார். குறையோடு என்றாலும் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், காபன் எடுத்த பிறகு புதுப் பிளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் பாகம்) போட்டும் விட்டுவிட்டு அடிக்கிறது, மெதுவாக விட்டால் உதறுகிறது, வேகம் கொடுத்தால் முக்குகிறது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கன்னங்கரேலென்று இருக்கிறது என்பார். அவர் சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நடந்ததற்கு அவர் காட்டும் காரணத்தோடுதான் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. சிறிய எஞ்சின்களைத் திருத்தும் வேலையில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் இதற்கு நானும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். சென்ற வாடைக்காலத்தில் என் பெரியப்பாவின் மகனுடைய எஞ்சின் அந்த விளக்கத்தைப் பாதி உறுதிசெய்து, மீதிப் பாதியை என் கண்முன்னே விரித்துக் காட்டியது.

அண்ணையிடம் இருப்பது கண்ணாடிநார்ப் படகு. அதன் பின்பலகையில் மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு சிலிண்டர் வெளியிணைப்பு எஞ்சின். எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய எல்லாச் சிறுபடகுகளிலும் இருக்கும் இரட்டையடிப்பு (ரூ ஸ்ரோக்) வகைதான். பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைக்கு வருமுன் மறுபடியும் பெற்றோலுக்குத் திருப்பி நிறுத்துவது அதன் ஒழுங்கு. வாடை தொடங்கிக் கடலுக்குப் போக முடியாத நாட்களில் அவர் அதை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தார். அந்த மெக்கானிக் எஞ்சினைச் சூடாக்கி, காபன் கரைக்கும் திரவத்தை, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றர் வழியாக எஞ்சின் திணறி நிற்கும்வரை செலுத்தி, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் வைத்து ஓட்டியிருக்கிறார். பீப்பாய்த் தண்ணீர் கறுத்துப் புகை அடங்கியதும் புதுப் பிளக்குகளைப் போட்டு எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடல் அடங்கிய முதல் நாளே அண்ணை துறைவாய்க்கு அப்பால் போய்த் திரும்பி வந்து, இரண்டு பிளக்குகளையும் பழைய துணியில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "தம்பி, நல்லா ஓடினதைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை.

அந்தத் துணியை விரித்தபோது அவர் சொன்னதைவிடக் கூடுதலான செய்தி அதில் இருந்தது. இரண்டும் கறுப்புத்தான். ஆனால் ஒரே கறுப்பு அல்ல. மேற்சிலிண்டரில் இருந்த பிளக்கின் வெண்பீங்கான் முனையில் விரலால் துடைத்தால் போகக்கூடிய, உலர்ந்த, மாவு போன்ற கரி படிந்திருந்தது. கீழ்ச் சிலிண்டரின் பிளக்கோ எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. அதன் உலோக ஓட்டுக்கும் பீங்கானுக்கும் இடையில் இருந்த பள்ளத்தில் ஈரம் தேங்கி நின்றது. முகர்ந்தால் மண்ணெண்ணெயும் அந்தத் திரவத்தின் காரமும் சேர்ந்து அடித்தது. இரண்டு பிளக்குகளும் ஒரே பெட்டியில் இருந்து, ஒரே நாளில் போடப்பட்டவை. ஒரே எஞ்சினில் அவை வேறு வேறு விதமாகக் கறுத்திருந்தால், ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது.

பிளக் ஏன் கறுக்கிறது

காபன் மின்சாரத்தைக் கடத்தும். பிளக்கின் நடு மின்வாயைச் சுற்றியிருக்கும் பீங்கானின் வேலையே மின்சாரத்தை வேறு வழியில் போகவிடாமல், முனையில் உள்ள இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய வைப்பதுதான். பீங்கானின் மேல் கரி படிந்தால், மின்னழுத்தம் இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு ஏறுவதற்குள் அந்தக் கரியின் வழியாக ஓட்டுக்குக் கசிந்து போய்விடும். பொறி மெலியும், சில வேளைகளில் பொறியே விழாது. எரியாத எரிபொருளும் ஒயிலும் பிளக்கை மேலும் நனைக்க, அது அடுத்த பொறியையும் கெடுக்கும். உதறல் தானாக வளர்வது இப்படித்தான். இதிலிருந்து பிளக் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழியும் ஒன்று உண்டு: பீங்கான் முனை ஏறக்குறைய 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் படிந்த கரி எரிந்து போய்விடும். 800 பாகையைத் தாண்டினால் முனையே தணலாகி, பொறிக்கு முன்னரே கலவையைப் பற்றவைத்துப் பிஸ்ரனில் ஓட்டை போடும் அபாயம் வரும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் பிளக் வாழ வேண்டும்.

காபன் எடுத்த உடனேயே பிளக் கறுப்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அந்தத் திரவம் காபனை மாயமாக்குவதில்லை. காபனை உலோகத்தோடு ஒட்டவைத்திருக்கும் பிசினைத்தான் அது இளக்குகிறது; இளகிய கரி பொடியாகவும் செதிலாகவும் பிஸ்ரன் தலையிலிருந்தும் பிஸ்ரனைச் சுற்றியிருக்கும் றிங் வளையங்களின் பள்ளங்களிலிருந்தும் புகைவாயிலிருந்தும் பிரிந்து வெளியேற வேண்டும். வெளியேறும் வழியில் ஒரு பங்கு பிளக்கில் ஒட்டும். சில வேளைகளில் மயிரிழை போன்ற ஒரு கரித்துண்டு இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே பாலம் போட்டு, ஒரு சிலிண்டரை முற்றாகவே நிறுத்திவிடும். அதனால்தான் பழைய பிளக்குகளோடே ஓட்டிப் புகையை வெளியேற்றி, கடலில் சுமையோடு ஒரு நல்ல ஓட்டமும் ஓடிய பிறகே புதியவற்றைப் போட வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். பீப்பாய்க்குள் ஓட்டுவது இதற்குப் போதாது. அங்கே எஞ்சினுக்குச் சுமை இல்லை; பிளக் தன்னைச் சுத்தப்படுத்தும் சூட்டை எட்டுவதில்லை; போதாக்குறைக்கு, வெளிவிட்ட புகையையே அது திரும்ப உறிஞ்சிக்கொண்டு ஓடுகிறது. பீப்பாய்க்குள் புதுப் பிளக்குகளோடு நெடுநேரம் மெதுவாக ஓடிய எஞ்சின் உதறாவிட்டால்தான் வியப்பு.

பீப்பாயைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கரியும் ஒயிலும் திரவமும் கலந்த அந்தத் தண்ணீரைப் பலர் அப்படியே துறைவாய்க்குள் ஊற்றிவிடுகிறார்கள். நாம் வலை இழுக்கும் தண்ணீர் அது. கடலில் வைத்து ஊறவைக்காமல் கரையில் பீப்பாய்க்குள் செய்வதன் பெரிய நன்மையே அந்த அழுக்கை நாம் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதுதான். பிடித்ததைத் திரும்பக் கடலுக்குள் விடுவது எனக்குப் பொறுக்க முடியாத காரியம்.

காபன்தான் கொம்பிறஷனைப் பிடித்திருந்ததா?

கரையில் சொல்லப்படும் காரணம் வேறு. தேய்ந்த எஞ்சினில் காபன்தான் இடைவெளிகளை அடைத்து, கொம்பிறஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அழுத்தத்தை, காத்துக்கொண்டிருக்கிறது, அதைக் கரைத்துவிட்டால் எஞ்சின் தளர்ந்துவிடும் என்பார்கள். இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எரியறையில் படிந்த காபன் அறையின் கொள்ளளவைக் குறைப்பதால் அழுத்தம் சற்றுக் கூடத்தான் செய்யும். சிலிண்டர் நன்றாகத் தேய்ந்த எஞ்சினில் காபன் போன பிறகு அழுத்த அளவி குறைத்துக் காட்டுவதும் உண்டு. ஆனால் றிங் பள்ளத்துக்குள் இறுகிய காபன் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் அந்த நன்மை ஒன்றுமே இல்லை. றிங் தன் பள்ளத்துக்குள் சுதந்திரமாக அசைந்தால்தான் அது வெளியே விரிந்து சிலிண்டர் சுவரை அணைக்கும். காபன் அதை இறுக்கிப் பிடித்துவிட்டால், எரிந்த வாயு பிஸ்ரனின் பக்கவாட்டில் இறங்கி ஒயில் படலத்தை எரிக்கும்; பிஸ்ரன் உரசும்; ஒருநாள் எஞ்சின் பிடித்து நின்றுவிடும். மண்ணெண்ணெயில் ஒக்டேன் அளவு மிகக் குறைவு என்பதால், மண்ணெண்ணெய் எஞ்சின்களைக் குறைந்த அழுத்தத்துக்கே வடிவமைக்கிறார்கள்; காபன் படிந்து அழுத்தம் கூடினால் தட்டல் (கலவை ஒழுங்காக எரியாமல் வெடித்தெரிவது) தொடங்கும். ஆகவே காபன் காத்துத் தருவதாகச் சொல்லப்படும் அந்தக் கூடுதல் அழுத்தம் இந்த வகை எஞ்சினுக்கு வேண்டாத ஒன்று.

வாதத்தை நிறுத்திவிட்டு அளவியைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, காற்று உள்ளே போகும் வாயுவடைப்பை முழுவதும் திறந்து, அண்ணை கயிற்றை இழுக்க நான் முள்ளைப் பார்த்தேன். மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த வயது எஞ்சினுக்கு நல்ல அளவும்கூட. இளகிய றிங்குகள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. காபன் எடுத்ததால் எஞ்சின் தளரவில்லை என்பதை அண்ணை அந்த முள்ளில் பார்த்தார். அவருடைய முகம் மாறியதே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

பின்னர் பிளக்குகளைச் சுத்தப்படுத்தி, இடம் மாற்றிப் போட்டேன்: கீழே இருந்தது மேலே, மேலே இருந்தது கீழே. கம்பித் தூரிகையால் பீங்கானைத் தேய்க்கக் கூடாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தூரிகையின் உலோகம் பீங்கானில் கோடாகப் படிந்து, கரி செய்த அதே கசிவைத் தானும் செய்யும். கரைப்பானில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் துடைத்து, நன்றாக உலர்த்தினாலே போதும். ஓட்டிப் பார்த்தபோது ஈரம் பிளக்கோடு மேலே போகவில்லை. கீழ்ச் சிலிண்டரிலேயே இருந்தது. ஆக, பிளக்கைக் குறைசொல்ல இடமில்லை. கீழ்ச் சிலிண்டருக்குள் தேவைக்கு மேலான ஈரம் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்து நிற்கும் இந்த எஞ்சின்களில், எரிபொருட் கலவை சிலிண்டருக்குப் போகுமுன் கடந்துவரும் கிராங்க் அறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதால், ஆவியாகாத எரிபொருளும் ஒயிலும் வடிந்து கீழறையில் தேங்கும். அதைத் திரும்ப மேலே ஏற்றி எரிப்பதற்காகப் பல எஞ்சின்களில் மெல்லிய குழாயும், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சிறு வால்வும் வைத்திருக்கிறார்கள். காபன் எடுக்கும் திரவம் இளக்கிய பிசின் இந்த வால்வில் வந்து அடைத்திருந்தது. இரவு முழுவதும் ஊறவிட்ட திரவத்தின் மிச்சமும் அங்கேயே குளமாக நின்றிருக்கிறது. மெதுவாக ஓடும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்ச் சிலிண்டருக்குள் ஏறிப் பிளக்கை நனைத்திருக்கிறது. குழாயைக் கழற்றிக் கழுவி, ஊதினால் ஒரு பக்கம் போகவும் மறு பக்கம் போகாமலும் இருக்கிறதா என்று பார்த்து மாட்டியபின் கீழ்ச் சிலிண்டரின் ஈரம் போய்விட்டது. உதறலும் பெருமளவு நின்றது. இதுவரை எனக்குப் பழகிய வழிதான். காபன் எடுத்த பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இளகிய அழுக்கு எங்கோ போய் அடைப்பதால் வருபவை என்பதே நான் வைத்திருந்த விளக்கம்.

ஆனால் உலர்ந்த கறுப்பு போகவில்லை. சுமையோடு ஓடிவந்த பிறகும், பழைய கரியெல்லாம் வெளியேறியிருக்க வேண்டிய நாட்களுக்குப் பிறகும், இரண்டு பிளக்குகளிலும் அதே மாவுக் கரி சமமாகப் படிந்துகொண்டே இருந்தது.

வெறும் கூடு

இரண்டு சிலிண்டர்களும் ஒரே மாதிரிக் கறுத்தால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும். காபுரேற்றரின் மிதவை மட்டம் சரியாக இருந்தது. சோக் முழுவதும் திறந்தது. எரிபொருளோடு கலக்கும் ஒயிலின் அளவைக் கேட்டேன். கைப்புத்தகத்தில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாக விடுகிறார், ஆனால் இப்படிக் கறுக்கும் அளவுக்கு இல்லை. எஞ்சினைப் படகில் வைத்தே ஓடவிட்டு, மூடியைக் கழற்றிவிட்டு, இன்னும் என்ன மிச்சம் என்று யோசித்தபடி உள்ளங்கையைச் சிலிண்டர் தலையின் மேல் வைத்தேன். வைத்த கையை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் தலை, கடல்தண்ணீர் இருந்த சூட்டிலேயே இருந்தது.

எஞ்சினை நிறுத்தி, குளிர்விக்கும் தண்ணீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற்றின் மூடியைக் கழற்றினேன். உப்பில் இறுகியிருந்த ஆணிகள் எண்ணெய் விட்டும் முனகிக்கொண்டே வந்தன. மூடியைத் தூக்கியபோது உள்ளே வெறும் கூடுதான் இருந்தது. தேர்மோஸ்ரற் அமர வேண்டிய வட்ட விளிம்பில் வெண்மையான உப்புப் படிவு தொடர்ச்சியாக மூடியிருந்ததைப் பார்த்தபோதே அது அங்கே இல்லாமற்போய் நெடுங்காலம் என்று தெரிந்தது. அண்ணை அதைப் பார்த்து வியப்படையவில்லை. "அதைக் கழட்டி எறிஞ்சு நாலைஞ்சு வருசம் இருக்கும் தம்பி. அது உப்பிலை இறுகினால் நடுக்கடலிலை எஞ்சின் கொதிச்சு நிக்கும். பிறகு ஆர் வந்து இழுத்துக்கொண்டு போறது?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்மோஸ்ரற் என்பது குளிர்ந்த எஞ்சினில் தண்ணீரை வெளியேற விடாமல் தடுத்து, சூடேறியதும் திறக்கும் ஒரு சிறு கதவு. அதற்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து கதவைத் தள்ளித் திறக்கிறது. கடல்தண்ணீரிலேயே குளிரும் எஞ்சினில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து அந்தக் கதவு மூடியபடியே இறுகிவிடக்கூடும். அப்படி இறுகினால் எஞ்சின் கொதிக்கும் என்பதும் உண்மை. கரை தெரியாத இடத்தில் எஞ்சின் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதும் உண்மை. கதவையே கழற்றி எறிந்துவிட்டால் அந்த ஒரு பயம் போய்விடுகிறது. பின்பக்கம் தண்ணீர் பீச்சியடிப்பதைப் பார்த்து மனம் ஆறுகிறது. பீச்சும் தண்ணீர், பம்பி வேலை செய்கிறது என்பதைக் காட்டுமே தவிர, எஞ்சின் எவ்வளவு சூட்டில் ஓடுகிறது என்பதைக் காட்டாது; ஆனால் அதைக் காட்டும் கருவி எதுவும் இந்தச் சிறு எஞ்சின்களில் இல்லை. எங்கள் கரையில் எத்தனையோ பேர் இதையே செய்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தவர்கள், அனுபவசாலிகள், அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடல்தண்ணீரால் குளிரும் இரட்டையடிப்பு எஞ்சின்களில் தேர்மோஸ்ரற் ஏறக்குறைய 50 பாகை செல்சியசில் திறக்கத் தொடங்கும். கார் எஞ்சினில் அது 80 பாகைக்கு மேல். கடல்தண்ணீரை அவ்வளவு சூடாக்கினால் படிவு வேகமாகச் சேரும் என்பதால் இங்கே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் கடலின் தண்ணீர் ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே இருக்கும். வேறுபாடு 20 பாகைதானே என்று தோன்றலாம். ஆனால் மண்ணெண்ணெய்க்கு அந்த 20 பாகை மிகப் பெரிய வேறுபாடு. பெற்றோலின் இலேசான பகுதிகள் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெயோ 150 பாகையைத் தாண்டித்தான் கொதிக்கத் தொடங்குகிறது. சூடில்லாத கிராங்க் அறைக்குள் அது ஆவியாகாமல் துளிகளாகவே கிடக்கும்; சுவரில் வடியும்; சிலிண்டருக்குள் துளியாகவே போய், பாதி எரிந்து பாதி கரியாகும். குளிர்ந்த சிலிண்டர் தலையில் திருகப்பட்டிருக்கும் பிளக்கும் தன் சூட்டை அந்தத் தலைக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், குறைந்த வேகத்தில் அது தன்னைச் சுத்தப்படுத்தும் வெப்பத்தை எட்டாது. அடுப்பில் ஈர விறகை வைத்துக்கொண்டு சுவரில் படிந்த புகையை எவ்வளவு துடைத்தாலும், மறுநாளும் சுவர் கறுக்கத்தான் செய்யும்.

எனக்குப் பிடிபடாமல் இருந்த மறுபாதி இதுதான். அந்த எஞ்சினில் அவ்வளவு காபன் சேர்ந்ததற்கும், காபனை எடுத்த பிறகும் பிளக் கறுத்துக்கொண்டே இருந்ததற்கும் காரணம் ஒன்றே. பல ஆண்டுகள் குளிர்ந்தே ஓடியதால் காபன் சேர்ந்தது. காபன் சேர்ந்ததால் அதை எடுக்க வேண்டி வந்தது. எடுத்தவர் காபனை மட்டும் எடுத்துவிட்டு, காபன் சேரும் வழியை அப்படியே விட்டுவிட்டார். முன்னர் எஞ்சின் மந்தமாக ஓடியது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. காபன் எடுத்து, புதுப் பிளக் போட்டு, நல்ல ஓட்டத்தை எதிர்பார்த்திருந்த நேரத்தில் அதே குறை திரும்ப வந்ததும் பழி முழுவதும் காபன் எடுத்த வேலையின் மேல் விழுந்துவிட்டது.

வடபகுதியில் என் வயதை ஒத்தவர்களுக்கு மண்ணெண்ணெயும் குளிர்ந்த எஞ்சினும் ஒத்துவராது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் குடாநாட்டுக்குள் வராமற்போனபோது, மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. எங்கிருந்தோ கிடைத்த சில துளிப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடேறும்வரை காத்திருந்து, பிறகே புறப்படுவார்கள். அவசரப்பட்டவர்கள் சந்திக்குச் சந்தி பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். தெருவில் அவ்வளவு தெளிவாக இருந்த அந்த அறிவு, கொதித்துப்போகும் என்ற பயம் பெரிதாக இருக்கும் கடலில் ஏன் மறைந்துபோனது என்பதை நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கழற்றி எறிந்ததைத் திரும்ப மாட்டுவது

அண்ணையின் பயத்துக்குப் பதில் சொல்லாமல் தேர்மோஸ்ரற்றைத் திரும்ப மாட்டியிருந்தால் அடுத்த வாரமே அவர் அதைக் கழற்றியிருப்பார். ஆகவே புதியதை வாங்கிவந்து, அவருடைய குசினியிலேயே ஒரு பானையில் தண்ணீர் வைத்து, பானையின் அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியையும் விட்டுச் சூடாக்கினோம். 50 பாகையை நெருங்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுவில் இருந்த வட்டத்தகடு கண்ணுக்குத் தெரியாத மெதுவில் நகர்ந்து, சுற்றிலும் ஓர் இடைவெளி விட்டது. பச்சைத் தண்ணீருக்குள் தூக்கிப் போட்டதும் மூடிக்கொண்டது. அண்ணை அதை மறுபடியும் சூடாக்கச் சொன்னார், திரும்பவும் திறந்தது. ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நன்னீரை உள்ளே ஓடவிட்டுக் கழுவினால் உப்பு இறுகும் வாய்ப்பு மிகவும் குறையும் என்பதையும், ஆண்டுக்கு ஒரு தடவை வாடைக்காலத்தில் இதைக் கழற்றி இதே பானையில் சோதித்துவிடலாம் என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். நன்னீர் எங்கள் கரையில் எல்லோருக்கும் எளிதாகக் கிடைப்பதில்லை என்பது தெரிந்துதான் சொல்கிறேன். ஒரு பீப்பாய் தண்ணீரைப் பல எஞ்சின்களுக்குப் பகிர்ந்துகொள்ள முடியும்.

இந்த இடத்தில் பலர் சொல்லும் இன்னொரு பரிகாரத்தைப் பற்றியும் பேச வேண்டும். கறுக்கும் எஞ்சினுக்கு "சூட்டுப் பிளக்" போடுங்கள் என்பார்கள். என்ஜிகே பிளக்குகளில் எண் குறையக் குறையச் சூடு கூடும். 7க்குப் பதில் 6 அல்லது 5 போட்டால் முனை சூடாகி, கரி எரிந்து, பிளக் வெளுத்துவிடும். டென்சோவிலும் எண் அப்படித்தான் போகும், சாம்பியனில் தலைகீழ். எஞ்சின் செய்தவர்களே மண்ணெண்ணெய்க்கென்று ஒரு பிளக்கைக் குறித்திருந்தால் அதைப் போடுவது சரி. அதற்கும் கீழே இறங்கிப் போவதை நான் கடுமையாக மறுக்கிறேன். மெதுவாக ஓடும்போது பிளக்கைக் காக்கும் அந்தச் சூடு, சுமையோடு முழுவேகத்தில் வரும்போது 800 பாகை எல்லையைத் தாண்டிவிடக்கூடும். தட்டலுக்கு இலகுவில் இடங்கொடுக்கும் மண்ணெண்ணெயில் அது பிஸ்ரனுக்கு எமன். எஞ்சின் குளிர்ந்து ஓடுகிறது என்ற செய்தியை நமக்குச் சொன்னதே அந்தக் கறுத்த பிளக்குகள்தான். சூட்டுப் பிளக் போட்டிருந்தால் அவை வெளுத்திருக்கும். உள்ளே காபன் முன்போலவே சேர்ந்துகொண்டிருந்திருக்கும்.

ஒயிலைப் பற்றியும் ஒன்று. விலை கூடியதால் மோட்டார் சைக்கிள் ஒயிலையும் லொறி ஒயிலையும் கலந்து விடுபவர்கள் பெருகியிருக்கிறார்கள். அந்த ஒயில்களில் சேர்க்கப்படும் கல்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மானங்கள் எரிந்தபின் சாம்பலாகப் பிளக்கிலும் பிஸ்ரனிலும் தங்கிவிடும். எந்தத் திரவத்தாலும் அதை இலகுவில் கரைக்க முடியாது. வெளியிணைப்பு இரட்டையடிப்பு எஞ்சின்களுக்கான ரிசி-டபிள்யூ3 (TC-W3) என்று குறிக்கப்பட்ட ஒயிலில் அந்த உலோகச் சாம்பல் இல்லாதபடி செய்திருக்கிறார்கள். வெளியிணைப்பு எஞ்சின் வழக்கமாகக் குளிர்ந்தே ஓடுவது என்பதை நினைவில் வைத்துத்தான் அதை வகுத்திருக்கிறார்கள்.

விலையைப் பேசாமல் இந்த விடயத்தைப் பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. அதற்கு முந்தைய மாதங்களில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு, எஞ்சினைச் சூடாக்குவதற்கென்று பெற்றோலைச் செலவழிப்பது வீண் செலவாகத்தான் தோன்றியிருக்கும். கிளப்பிய கையோடு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், கரைக்கு வரும்போது பெற்றோலுக்குத் திருப்பாமல் அப்படியே நிறுத்துவதும் அந்தக் காலத்தில்தான் பலருக்குப் பழக்கமாயின. அப்படி நிறுத்தினால் காபுரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நிற்கும். மறுநாள் காலையில் குளிர்ந்த எஞ்சின் அதிலேயே கிளம்ப வேண்டும். இழுத்து இழுத்துக் கிளப்புவதற்குள் பிளக் நனைந்துவிடும். மிச்சம்பிடித்த பெற்றோலைவிட அந்தப் பிளக்குகளுக்கும், எரியாமல் போன மண்ணெண்ணெய்க்கும் ஆகும் செலவு கூட என்று நான் சொல்லும்போது, கையில் காசில்லாத ஒருவருக்கு அது எவ்வளவு தொலைவான கணக்கு என்பதை உணர்ந்தே சொல்கிறேன். தேர்மோஸ்ரற் இருக்கும் எஞ்சின் சீக்கிரம் சூடாகும் என்பதால் பெற்றோலில் ஓட வேண்டிய நேரமும் குறைகிறது என்பதைத்தான் அண்ணைக்கு முதலில் காட்டினேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

தேர்மோஸ்ரற்றை மாட்டி, பழைய பிளக்குகளோடே சில நாட்கள் தொழிலுக்குப் போய்வந்தபின் புதுப் பிளக்குகளைப் போட்டோம். இப்போது மேற்பிளக்கின் பீங்கான் தேயிலைச் சாயம் ஊறிய நிறத்தில் உலர்ந்து இருக்கிறது. மெதுவாக வலை இறக்கும்போது உதறல் இல்லை. கீழ்ப் பிளக் மட்டும் மேலதைவிடச் சற்றுக் கறுப்பாகவே இருந்துவருகிறது. அந்தச் சிறு வால்வை நான் கழுவித்தான் மாட்டினேன், புதிதாக மாற்றவில்லை. அதற்குரிய உதிரிப்பாகம் பருத்தித்துறையில் கிடைக்கவில்லை, கொழும்பில் சொல்லிவைத்திருக்கிறேன். காபன் எடுத்த மெக்கானிக்கிடமும் போய் அந்த வெறும் கூட்டைப் பற்றிச் சொன்னேன். தன்னிடம் வரும் எஞ்சின்களில் அந்த மூடியைத் திறந்து பார்க்கும் வழக்கம் தனக்கு இல்லை என்றும், இனிப் பார்ப்பதாகவும் சொன்னார்.